நான்கு இலாகா, ஒரே வண்டி

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியரிங், மெடிக்கல், சி.ஏ.; அதற்கு மேல் ஒரு எம்.பி.ஏ. சோப்புக் கம்பெனியை நிர்வகிக்கவும், பாங்கை நிர்வகிக்கவும், ஏன், ஆஸ்பத்திரியை நிர்வகிக்கவும்கூடத் தனிப் படிப்பு வேண்டும் என்று நாம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஆனால் ஒரு மாவட்டத்துப் போலீசையோ ஒரு மத்திய சிறையையோ நிர்வகிக்கப் படிப்பு வேண்டும் என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். "அதற்கு என்ன சார் படிப்பு? மேலே இருப்பவர் கண்டிப்பானவராக, கை சுத்தமானவராக இருந்தால் போதாதா?" என்கிறார்கள்.

போதாது என்பது என் கட்சி.

நான் போலீஸ்காரனும் அல்ல, வக்கீலும் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வட இந்தியாவில் பாயிண்டுக்கும் கைகாட்டிக்கும் நடுவே காலம் தள்ளி, சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். இதைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஒருவரையொருவர் பிடிக்காத பல இலாகாக்கள் சேர்ந்து, ஒரு காரியத்தை விபத்தில்லாமல் செய்து முடிப்பது எப்படி என்பதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, நம் ஊர்ப் பையன்கள் சிலருக்காகக் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் அலைந்ததில் இன்னொரு வகை இலாகாக்களையும் பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் வந்த எண்ணங்கள்தான் இவை.

கணக்கு என்ன சொல்கிறது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலு பேரில் மூன்று பேருக்கு வழக்கே இன்னும் முடியவில்லை. குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிபதியும் அவர்களைப் பற்றிச் சொல்லவில்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சிறைகளில் உள்ள மொத்த இடமும் விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்று. தண்டனை பெற்றவர் ஒருவர்கூட உள்ளே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் நம் சிறைகள் நிரம்பித்தான் இருக்கும். நாம் வசிக்கும் டில்லியை எடுத்துக்கொண்டால், திகார், ரோகிணி, மண்டோலி மூன்று வளாகங்களிலும் சேர்த்து 10,026 பேருக்கு இடம். அதே தேதியில் 18,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

உடனே "இன்னும் நாலு ஜெயில் கட்டினால் சரியாகிவிடும்" என்று தோன்றும். ரயில்வேக்காரனுக்கு அப்படித் தோன்றாது. ஒரு யார்டில் வண்டிகள் தேங்கி நின்றால் யார்டு மாஸ்டரைத் திட்டிப் பயனில்லை, இன்னொரு லைன் போட்டும் அதிகப் பயனில்லை. முன்னால் எங்கேயோ செக்ஷனில் அடைப்பு. இன்ஜின் வந்து சேரவில்லை, அல்லது கார்டு வரவில்லை, அல்லது அடுத்த ஸ்டேஷன் வண்டியை வாங்கிக்கொள்ளவில்லை. அடைப்பு வேறு இடத்தில் இருக்கும்; அதைக் காட்டிக்கொடுக்கும் இடம்தான் யார்டு. சிறையும் அப்படித்தான். போலீஸ் குற்றப்பத்திரிகை போட வேண்டும். அரசு வழக்கறிஞர் சாட்சியைக் கொண்டு வர வேண்டும். கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போகக் காவலும் வண்டியும் வேண்டும். கோர்ட்டில் நீதிபதி நாற்காலி காலியாக இல்லாமல் இருக்க வேண்டும். இந்த நாலில் ஒன்று தவறினாலும் வாய்தா. வாய்தா என்றால் அந்த மனிதனுக்கு இன்னும் சில வாரம் சிறை.

சட்டத்துக்குப் பஞ்சமா?

இல்லவே இல்லை. 1979 இல் பீகார் சிறைகளில் இருந்த விசாரணைக் கைதிகள் பற்றிய ஹுஸ்ஸைனாரா காத்தூன் வழக்கில், விரைவான விசாரணை என்பது வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. தங்கள் குற்றத்துக்கு உரிய அதிகபட்ச தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதியாகவே இருந்தவர்கள் அப்போது வெளிச்சத்துக்கு வந்தார்கள். 2005 இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்த விசாரணைக் கைதியை விடலாம் என்றார்கள். 2015 இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி மாவட்டம்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தின் 479 ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலமே போதும் என்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

நல்ல சட்டம். ஆனால் கண்காணிப்பாளர் எழுத வேண்டுமானால் அவர் மேஜையில் என்ன இருக்க வேண்டும்? ஆயிரம் கைதிகள் என்றால் ஆயிரம் பேருக்கும் எந்தப் பிரிவு, அதற்கு அதிகபட்சம் எத்தனை வருஷம், உள்ளே வந்து எத்தனை நாள், வேறு வழக்கு உண்டா என்ற நாலு கட்டங்களும் தினமும் சரியாக நிரப்பப்பட்டிருக்க வேண்டும். யாருக்கு எந்தத் தேதியில் காலம் முடிகிறது என்று ஒரு குமாஸ்தா முன்கூட்டியே எடுத்துக் கொடுக்க வேண்டும். இது கருணை சம்பந்தப்பட்ட காரியமே அல்ல. ரிஜிஸ்டர் சம்பந்தப்பட்ட காரியம். ரிஜிஸ்டரை ஒழுங்காக வைக்கச் செய்வதற்குப் பெயர்தான் நிர்வாகம். அதைச் செய்ய வைக்கிறவருக்குப் பெயர்தான் தலைவர்.

ஆறு ராத்திரி

சில வருஷங்களுக்கு முன் விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன், இங்கே ஒரு கான்டீனில் வேலை பார்த்தவன், பத்துப் பேரோடு பத்துப் பேராக ஒரு அடிதடி வழக்கில் மாட்டிக்கொண்டான். ஹிந்தி வராது. ஜாமீனுக்கு நம் அன்பர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை ஜாமீன் கிடைத்தது. பையன் வெளியே வந்தது அடுத்த புதன்கிழமை.

நடுவில் என்ன ஆயிற்று? வெள்ளிக்கிழமை, ஜாமீன்தாரர் விலாசத்தைச் சரிபார்க்கப் போலீஸ் ஸ்டேஷனில் ஆள் இல்லை. சனி, ஞாயிறு கோர்ட் ஆபீஸ் விடுமுறை. திங்கள் கிழமை உத்தரவு சிறைக்குப் போனது. அங்கே பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. நம் இனிஷியல் விவகாரம்தான்! சிறை ரிஜிஸ்டரில் அப்பா பெயரையும் சேர்த்து முழுப் பெயராக எழுதியிருந்தார்கள், கோர்ட் உத்தரவில் ஒற்றை எழுத்து இனிஷியல். ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் இந்தத் தொல்லையை அனுபவிக்காத தமிழ்க் குடும்பம் டில்லியில் உண்டா? நமக்கு அது ஒரு அலைச்சல். அந்தப் பையனுக்கு அது இரண்டு ராத்திரி.

அந்த நாட்களில் அவனுடைய தாயார் ஊரிலிருந்து தினம் மூன்று முறை எனக்குப் போன் செய்தார். "ஐயா, ஜாமீன் கிடைச்சிருச்சுன்னு சொன்னீங்களே, புள்ளைய எங்கே காணோம்?" என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பதை அந்த அம்மாளுக்கு எப்படி விளக்குவது?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் லஞ்சம் கேட்டவர் யாரும் இல்லை. வேண்டுமென்று கெடுதல் செய்தவர் யாரும் இல்லை. பெயர் பொருந்தாத ஆளை வெளியே விட்டால் சிறை அதிகாரிக்கு வேலை போகும். அவர் செய்தது சரி. ஒவ்வொருவரும் அவரவர் விதிப்படி நடந்தார்கள். விதிப்படி நடந்த எல்லோரும் சேர்ந்து, கோர்ட் விடச் சொன்ன ஒருவனை ஆறு ராத்திரி உள்ளே வைத்திருந்தார்கள்.

இது ஏதோ ஒரு பையனுக்கு வந்த தனிப்பட்ட கஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 ஜூலையில் ஆக்ரா மத்திய சிறையில் இருந்த 13 பேருக்குச் சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் கொடுத்தும், உத்தரவின் பிரதி தபாலில் வந்து சேரவில்லை என்று விடுதலை தாமதமாயிற்று. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த என்.வி. ரமணா அதைத் தாமாகவே விசாரணைக்கு எடுத்தார். அதன் பலனாக 2022 மார்ச் 31 அன்று, உத்தரவுகளைப் பத்திரமாக மின்னணு முறையில் அனுப்பும் 'ஃபாஸ்டர்' என்ற ஏற்பாடு வந்தது. 2023 ஜனவரியில் இன்னொரு உத்தரவு: ஜாமீன் உத்தரவை அன்றைக்கோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ரயில்வேயில் நூறு வருஷத்துக்கு மேலாக, லைன் கிளியர் இல்லாமல் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்ப முடியாது. கருவியிலோ டெலிபோனிலோ கேட்க வேண்டும். டெலிபோன் என்றால் அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பிரைவேட் நம்பர் கொடுப்பார். அதை மணி நிமிஷத்தோடு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். கேட்டேன், சொன்னார், வந்தது என்ற மூன்றுக்கும் எழுத்தில் சாட்சி இருக்கும். சரக்கு வண்டிக்கு இவ்வளவு பந்தோபஸ்து. மனிதனின் விடுதலைக்கு அந்த ஏற்பாடு 2022 இல்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

டி.ஆர்.எம். இல்லாத டிவிஷன்

ரயில்வேயிலும் இலாகாச் சண்டை உண்டு. வண்டி தாமதமானால் டிராஃபிக்காரர் சிக்னலைச் சொல்வார், சிக்னல்காரன் தண்டவாளத்தைச் சொல்வான், இன்ஜினியரிங்காரர் இன்ஜினைச் சொல்வார். ஆனால் இத்தனை பேருக்கும் மேலே டிவிஷனில் ஒரு டி.ஆர்.எம். உண்டு. காலையில் எல்லாரையும் உட்கார வைத்து, நேற்று எந்த வண்டி எத்தனை நிமிஷம் யாரால் போயிற்று என்று கேட்பார். கன்ட்ரோல் ஆபீஸில் ஒவ்வொரு வண்டியின் கோடும் ஒரே வரைபடத்தில் இருக்கும். அதன் முன்னால் பொய் சொல்வது கஷ்டம்.

நீதி இலாகாவில் போலீஸ், அரசு வழக்கறிஞர், கோர்ட், சிறை என்று நாலு பேர். ஒரே வண்டியை நாலு பேரும் இழுக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு டி.ஆர்.எம். கிடையாது, இருக்கவும் கூடாது. நீதிபதிக்குப் போலீசும் அரசாங்கமும் கட்டளையிடும் நாடு சுதந்திர நாடு அல்ல. அதனால்தான் இங்கே நிர்வாகம் ரயில்வேயைவிடக் கடினம். கட்டளையிட முடியாதவரோடு சேர்ந்து வேலையை முடிக்கத் தெரிய வேண்டும். மாவட்ட நீதிபதி தலைமையில் கலெக்டரும் எஸ்.பி.யும் சிறைக் கண்காணிப்பாளரும் உட்காரும் மறுஆய்வுக் குழு அதற்கான மேஜை. போலீஸ், சிறை, கோர்ட் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டமும் நடந்துகொண்டிருக்கிறது. அது கன்ட்ரோல் டெலிபோன் மாதிரி. டெலிபோன் இருந்தால் மட்டும் போதுமா? அதை எடுத்துப் பேசி, வண்டியை நகர்த்தத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்வதுதான் நான் சொல்லும் படிப்பு.

கட்டளை இட்டால் நடந்துவிடுமா?

திகாரையே எடுத்துக்கொள்வோம். 1993 இல் கிரண் பேடி அங்கே சிறைத் துறை ஐ.ஜி.யாக வந்தபோது ஏறத்தாழ 2,500 பேருக்கான இடத்தில் 9,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 1995 வரை இருந்த இரண்டு வருஷத்தில் அவர் செய்தவற்றில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது, 1994 இல் ஆயிரம் கைதிகள் சேர்ந்து உட்கார்ந்த விபாசனா தியான முகாமை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு மனுப்பெட்டி. பூட்டிய பெட்டி வார்டு வார்டாகப் போனது. கைதிகள் எழுதிப் போட்டது இடையில் யார் கையிலும் சிக்காமல் நேராக மேலிடத்துக்கு வந்தது.

சிக்னல்காரனுக்கு இதன் அருமை உடனே புரியும். கேபினில் லீவரை இழுத்துவிட்டால் கைகாட்டி இறங்கிவிட்டது என்று அர்த்தம் அல்ல. கம்பி அறுந்திருக்கலாம், கப்பி சிக்கியிருக்கலாம். ஆகவே வெளியே கைகாட்டி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேபினுக்குள்ளேயே காட்ட ரிப்பீட்டர் என்று ஒரு சின்னக் கருவி வைப்போம். கீழே சோறு வெந்ததா, மருந்து வந்ததா, யாராவது அடித்தார்களா என்பது மேலிருந்து உத்தரவு போடுகிறவருக்குத் தெரிய வேண்டும். அதற்கான ரிப்பீட்டர் அந்தப் பெட்டி.

அமெரிக்காவில் ஜான் டியுலியோ என்ற பேராசிரியர் டெக்சாஸ், மிச்சிகன், கலிஃபோர்னியா மூன்று மாநிலங்களின் சிறைகளை ஒப்பிட்டு 1987 இல் ஒரு நூல் எழுதினார். நெரிசல், பணம், கைதிகளின் குணம் இவற்றைவிட, சிறையை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பதே அங்கே அமைதி இருக்குமா இருக்காதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆனால் அவர் கட்டுப்பாட்டைப் பாராட்டிய அதே டெக்சாஸ் சிறைகளின் நிலைமை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 1980 இல் ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்திருந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அமைதியாக இருக்கும் சிறை நல்ல சிறையாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. மயானமும் அமைதியாகத்தான் இருக்கிறது.

எண்களின் மாயம்

நிர்வாகப் படிப்பு என்றால் எல்லாவற்றையும் எண்ணால் அளப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். 1994 இல் நியூயார்க் போலீஸ் 'காம்ப்ஸ்டாட்' என்ற முறையைக் கொண்டு வந்தது. வட்டாரம் வட்டாரமாகக் குற்றக் கணக்கை வைத்துக்கொண்டு அதிகாரிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். பல ஊர்களில் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் நாளடைவில், கணக்கைக் குறைத்துக் காட்டுவதற்காகப் பெரிய குற்றத்தைச் சின்னக் குற்றமாக எழுதுகிறார்கள் என்ற புகாரும் அந்த ஊரிலேயே எழுந்தது.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் டைம்டேபிளில் பத்துப் பதினைந்து நிமிஷம் தாராளமாகச் சேர்த்துவிட்டால், வழியெல்லாம் தாமதமாக வந்த வண்டியும் கடைசியில் சரியான நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு ஆகிவிடும். பயணிக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியாது. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுத மறுப்பதும் இதே வியாதிதான். புகாரை எழுதினால் ஸ்டேஷனில் குற்றம் கூடிவிட்டதாக மேலே கேட்பார்கள். எழுதாவிட்டால் ஸ்டேஷன் நல்ல பெயர் வாங்கும், பர்ஸைப் பறிகொடுத்தவர் வெறும் கையோடு வீட்டுக்குப் போவார். எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்று தெரிவதே படிப்பின் பாதி.

விபத்து நடந்தால் யார் கேட்பது?

ரயில்வேயின் நல்ல பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய ரயில் விபத்து நடந்தால் அதை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். அடிபட்ட இலாகாவே தன்னை விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவர் யார் செய்தார் என்பதோடு நிற்காமல், ஏன் செய்ய முடிந்தது, இனி செய்ய முடியாமல் இருக்க எதை மாற்ற வேண்டும் என்றும் எழுதுவார். இன்டர்லாக்கிங் என்பதே அப்படி வந்ததுதான். பாயிண்ட்ஸ்மேனைப் பார்த்துக் கவனமாக இரு, கவனமாக இரு என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, தப்பான லீவரை இழுக்கவே முடியாதபடி செய்துவிடு என்பது அதன் தத்துவம்.

போலீஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு, மனித உரிமை ஆணையம் உண்டு. ஆனால் பெரும்பாலும் கேள்வி 'யார்' என்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டு பேர் சஸ்பெண்ட், ஒருவர் மாற்றல், அத்தோடு பத்திரிகைகளும் மறந்துவிடும்.

இதில் நமக்கு நேரடியாக வலிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பல பத்தாண்டுகளாகத் திகாரின் காவலில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் இருந்துவருகிறார்கள். மலை மந்திரில் வரிசையில் நிற்கும்போது அவர்களில் பலரோடு நாம் பேசியிருக்கிறோம். உள்ளூர் மொழி தெரியாதவர்களாக இருந்தால் கைதிகளோடு கூட்டுச் சேர மாட்டார்கள் என்பது அவர்களை வைத்திருப்பதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. 2023 மே 2 அன்று திகாருக்குள் ஒரு விசாரணைக் கைதியை மற்றக் கைதிகள் குத்திக் கொன்றார்கள். காவலர்கள் இருக்கும்போதே தாக்குதல் தொடர்ந்தது கேமராவில் பதிவாகியிருந்தது. நம் படையைச் சேர்ந்த ஏழு பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அவர்கள் பேரில் தவறே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஒரு மனிதன் செத்திருக்கிறான். ஆனால் பாதுகாப்பு ஆணையர் மாதிரி ஒருவர் வந்திருந்தால் என்னென்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த நிமிஷத்தில் முதலில் உள்ளே பாய வேண்டியவர் சிறை வார்டரா, படைக்காரரா? அது எழுத்தில் இருக்கிறதா? இரண்டு படைகளும் சேர்ந்து அதற்கு ஒத்திகை பார்த்தது எப்போது? மொழி தெரியாதது பாதுகாப்பு என்றால், அபாயம் வரும்போது அதே மொழி தெரியாதது என்ன ஆகும்? ஏழு பேரை ஊருக்கு அனுப்பிவிட்டால் இந்தக் கேள்விகளும் அவர்களோடு ரயிலேறிப் போய்விடக் கூடாது.

நாற்காலி நிலைக்க வேண்டாமா?

"எல்லாம் சரி, நல்ல அதிகாரி வந்தால் அரசியல்வாதி விடுவானா?" என்று அன்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான ஆட்சேபணை. 1977 இல் அமைத்த தேசியப் போலீஸ் கமிஷன் 1981 வரை எட்டு அறிக்கைகள் கொடுத்தது. அவை அலமாரியில் தூங்கின. ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் 1996 இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. டி.ஜி.பி. முதல் ஸ்டேஷன் அதிகாரி வரை குறைந்தது இரண்டு வருஷம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், குற்றப் புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் படிப்படியாகப் பிரிக்க வேண்டும் என்பவை அதன் கட்டளைகளில் சில. மாநிலங்கள் அதை மனமார நிறைவேற்றவில்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றப்படுகிற எஸ்.பி.க்கு எந்தப் படிப்பும் உதவாது என்பது உண்மைதான். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு வருஷம் இருந்த நல்ல அதிகாரி போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது என்றால், அவர் நல்லவர். நல்ல நிர்வாகி என்று சொல்ல மாட்டேன். தான் இல்லாதபோதும் நடக்கும்படி எதை விட்டுப் போனார் என்பதே தலைவரை அளக்கும் அளவுகோல். நான் பொருத்திய இன்டர்லாக்கிங் நான் தூங்கும்போதும் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நான் பொருத்தியது என்ன?

நாம் என்ன செய்யலாம்?

படிக்க இடம் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. வேலூரில் 1979 இல் தொடங்கிய சிறை நிர்வாகப் பயிற்சி நிறுவனம் தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிறது. குஜராத்தில் காந்திநகரில் ராஷ்ட்ரீய ரக்ஷா பல்கலைக்கழகம் இருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் 1990 இல் தொடங்கிய 'பிரயாஸ்' என்ற களப்பணித் திட்டத்தில், சமூகப் பணி படித்தவர்கள் சிறைக்கும் கோர்ட்டுக்கும் குடும்பத்துக்கும் நடுவே நடந்து விசாரணைக் கைதிகளுக்கு உதவி வருகிறார்கள். எல்லோரும் ஐ.பி.எஸ். ஆகத்தான் வேண்டும் என்பதில்லை. சிறை அதிகாரி, நன்னடத்தை அதிகாரி, கோர்ட் நிர்வாகி, தடய அறிவியல் கூட நிர்வாகி என்று நாற்காலிகள் நிறைய உண்டு. சம்பளம் சோப்புக் கம்பெனி அளவுக்கு வராது. அதைப் பெற்றோரிடம் மறைக்க விரும்பவில்லை.

ஏன் நம் பிள்ளைகள்? வெளியூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு மூன்று மொழிகள் தெரியும். பெயர் பொருந்தாத கஷ்டம் தெரியும். கவுன்டருக்கு இந்தப் பக்கம் மொழி புரியாமல் நிற்பவன் முகம் எப்படி இருக்கும் என்று, தன் தாத்தா பாட்டியைப் பார்த்தே அதற்குத் தெரியும். அந்தப் பிள்ளை கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது என்று எனக்குப் படுகிறது.

பெரியவர்களுக்கும் வேலை இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணையங்கள் பாரா லீகல் வாலன்டியர் என்ற பெயரில் பொது ஜனங்களிலிருந்து தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கின்றன. ஓய்வு பெற்ற நம்மில் சிலர் அதில் சேரலாம். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ நின்றால் உடனே போய் மொழிபெயர்க்கக் கூடியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்காக வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற சிறை அதிகாரி ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் அழைத்துப் பேசச் சொல்லலாம். ஹால் வாடகை கிடையாது, காபிச் செலவு மட்டும்தான்.

இந்த மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டு வர உத்தேசித்திருக்கிறேன். ஆதரிப்பவர்கள் வாருங்கள். ஆட்சேபிப்பவர்கள் அவசியம் வாருங்கள்.